இடது காதுக்குப் பாலியெஸ்டர் ஆகாது

ஜனவரி 27, செவ்வாய்

கடையில் எல்லாருக்கும் சும்மா கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் அம்மன் படம், கடைசிப் பக்கத்தில் எந்த மாடியில் எந்தத் துணி என்ற விவரம். நடுவில் உள்ளதை நான்தான் நிரப்ப வேண்டும்.

கோவையில் என் காதைப் பார்க்கிற ஷாஹிதா மேடம் போனில் என் மனைவி கலாமணியிடம் சொன்னது இவ்வளவுதான்: "காது மெஷின் எப்ப நிக்குது, அப்ப அவர் என்ன பண்ணிட்டிருந்தார், ரெண்டையும் குறிச்சுட்டு வரச் சொல்லுங்க." மேடத்துக்கு ஒரு வரி போதும். நான் ஒரு வரியில் நிற்கிற ஆளா? மேடத்துக்குத் தனித் தாள் ஒன்று போட்டுவிட்டேன். இது என் சொந்த வம்பு.

இன்று நின்றபோது நான் செய்துகொண்டிருந்தது: ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். மாமியாரும் மருமகளும் பூனம் புடவை பார்க்க வந்திருந்தார்கள். நான் ஒவ்வொன்றாக உதறி விரித்துப் போட, அவர்கள் குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டார்கள்.

"இந்தக் கறுப்பு நல்லாருக்குதுங் அத்தை."

"கறுப்பா? உன்ற நாத்தனா கல்யாணத்துக்கா? நெனப்பு எப்படிப் போகுது பாரு."

"அவ என்ற கல்யாணத்துக்கு என்ன கலர் கட்டீட்டு வந்தான்னு கேளுங்..."

டப். அதோடு போச்சு. இரண்டு வாயும் அசைகின்றன, சத்தம் இல்லை. அணைத்து, மறுபடி போட்டு, உயிர் வருவதற்குள் இருவரும் சிரித்துக்கொண்டே ஒரு ஊதாவை எடுத்துக்கொண்டு பில் போடப் போய்விட்டார்கள். நாத்தனார் அப்படி என்ன கட்டிக்கொண்டு வந்தாள் என்பது இந்த ஜென்மத்தில் எனக்குத் தெரியப்போவதில்லை.

ஜனவரி 29, வியாழன்

கால் வீங்கிவிட்டது. உட்கார்ந்து எழுதுகிறேன்.

சென்னியப்பன் என்கிற நான், ஈரோட்டில் ஒரு பெரிய துணிக்கடையில் சிந்தெடிக் புடவைப் பிரிவில் சேல்ஸ்மேன். ஒரு காய்ச்சல் வந்து இரண்டு காதையும் வாரிக்கொண்டு போனது. எட்டு வருஷம் செவிடு. அப்புறம் இடது பக்கம் மண்டையைத் திறந்து உள்ளே ஒரு சில்லை வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் காந்த வட்டு. வட்டு மண்டைத் தோலில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். சென்னிமலை அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. இப்போது அது என் மண்டைக்குள் இருக்கிறது.

பழைய கடையில் தொந்தரவு இல்லை. வெறும் சிமெண்ட் தரை, உட்கார்ந்து புடவை விரிக்கிற மெத்தை, மின்விசிறி, வியர்வை. தை பிறந்ததும் புதுக் கட்டிடத்துக்கு வந்தோம். குளிர்சாதனம், தரை முழுக்க கார்ப்பெட். காற்று அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது. ஒருவர் மேல் ஒருவர் கை பட்டால் சுள்ளென்கிறது.

இதில் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். புடவையை விரித்தால் மட்டும் போதாது. மீசை வைத்த ஆம்பிளை எழுந்து நின்று, கொசுவம் பிடித்து, முந்தியைத் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். எந்தத் தோள்? இடது தோள். எந்தக் காது? இடது காது. பாலியெஸ்டர் முந்தி ஒவ்வொரு முறையும் மெஷினை உரசிக்கொண்டுதான் இறங்குகிறது.

நேற்று வலது தோளில் போட்டுப் பார்த்தேன். "ஏனுங், எங்க ஊட்டுல வடக்கத்திக் கட்டெல்லாம் கட்ட மாட்டமுங்" என்று ஒரு அம்மா எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இந்த வாரம் எனக்கு இன்றுதான் விடுமுறை. கலாமணியோடு கோவை போய் வந்தேன்.

மேடம் பொறுமையாகச் சொன்னார். காய்ந்த காற்றில் பாலியெஸ்டரை உதறினாலும் கார்ப்பெட்டில் நடந்தாலும் உடம்பில் கரண்ட் சேருமாம். சேர்ந்தது எங்கேயாவது இறங்கத்தான் பார்க்கும். கை காதுக்குப் போனால் மெஷினில் இறங்கும். என் காதுக்கென்று மேடம் உட்கார்ந்து அளந்து உள்ளே ஏற்றிவைத்த கணக்கெல்லாம் அழிந்துபோகும். அதிர்ஷ்டம் இருந்தால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் போர்டே கருகிவிடும்.

"கருகினா வேற வாங்கிக்கலாங்ளா மேடம்?"

"இந்த மாடலைக் கம்பெனி நிறுத்திட்டாங்க. இருக்கறதைக் காப்பாத்திக்கங்க."

எங்களிடம் வேறு மனையும் இல்லை.

காப்பாற்றும் வழி: பருத்திச் சட்டை, பருத்தி பனியன். சட்டை மாற்றும் முன் மெஷினைக் கழற்ற வேண்டும். மெஷினைத் தொடும் முன் தரையில் ஊன்றிய இரும்பு எதையாவது தொட்டுவிட வேண்டும், உடம்பில் சேர்ந்தது அதில் இறங்கிவிடும். பிறத்தியார் மெஷினைத் தொட வந்தால் முதலில் என் கையைத் தொட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். இரவில் ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வைக்க வேண்டும், ஏனென்றால் வேர்வை பட்டாலும் கெட்டுவிடும். ஆக, வேர்த்தாலும் ஆகாது, காய்ந்தாலும் ஆகாது. இவ்வளவு நோக்காட்டுக்காரனாக நான்கூட இருந்ததில்லை.

மேடம் கடைசியாக இன்னொன்றும் சொன்னார். அது எழுதுகிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கலாமணி எதுவோ ஆரம்பித்தாள். பஸ் சீட் ரெக்ஸின். எதற்கு வம்பென்று மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

எங்கள் மாடியின் நடுவில் ஓர் இரும்புத் தூண். கடையை முகூர்த்த நாளில் திறந்தே தீர வேண்டும் என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்றதில் அதற்குப் பெயிண்ட் அடிக்கவே விட்டுப்போயிற்று. மொட்டை இரும்பு. எனக்கு அது போதும்.

புடவை விரித்து முடித்ததும் போய் ஒரு தொடல். விரல் நுனியில் சுள். பிறகு நிம்மதியாகக் காதுக்குக் கை. மறுபடி விரிப்பு, மறுபடி தொடல். இன்று முழுக்க மெஷின் நிற்கவில்லை.

மதியம் ஆறுச்சாமி பார்த்துவிட்டான். பக்கத்து மெத்தைக்காரன், என் வயசு, வாயில் எப்போதும் கிராம்பு.

"ஏம் பங்காளி, நானும் காலைலயிருந்து பாக்கறேன். போறதும் வாறதுமா அந்தத் தூணைத் தடவீட்டே இருக்கற?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறுச்சாமிக்குத் தெரிந்தால் ஃப்ளோர் மேனேஜர் திலீபனுக்குத் தெரியும். 'மெஷின் மக்கர் பண்ணினா அண்ணனைக் கீழ பார்சலுக்கு மாத்திக்கலாம்' என்று அந்தப் பையன் புதுக்கடை திறந்த அன்றே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். பார்சல் என்றால் பில் போட்ட துணியைப் பைக்குள் திணிப்பது. நான் முந்தி போட்டால் பக்கத்து மெத்தையில் உட்கார்ந்திருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். செவிடாக இருந்த காலத்திலும் வேலை போகாமல் காத்தது அந்தக் கைதான். அதைக் கொண்டுபோய்ப் பைக்குள் திணிப்பதா?

அதனால், "கனவுல வந்துச்சப்பா. தூணைத் தொட்டுட்டு விரிச்சா கை ராசின்னு" என்று விட்டேன்.

"யாரு வந்தா கனவுல?"

"மொகம் தெரியல. மஞ்சச் சீலை."

அவன் கிராம்பை விழுங்கிவிட்டான்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆறுச்சாமி தூணைத் தொட்டான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

பிப்ரவரி 9, திங்கள்

கல்யாணப் பேருந்து ஒன்று வந்து இறங்கியது. ஆறுச்சாமி ஒரே கூட்டத்துக்கு அடுக்கு அடுக்காகத் தள்ளிவிட்டான். முகூர்த்த நாள் நெருங்கினால் அப்படித்தான் வந்து இறங்குவார்கள். ஆனால் அவன் அதைத் தூணின் கணக்கில் எழுதிவிட்டான். பொழுதுக்குள் மாடி முழுக்கத் தூண் தொடுகிறது. நான் தொட வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. என் பொய்க்கு என்னைவிடக் கை ராசி அதிகம்.

வீட்டில் வேறு கதை. வருஷா வருஷம் தீபாவளி நோம்பிக்கு நான் கலாமணிக்கு எடுத்துவந்தது எல்லாம் எங்கள் பிரிவுச் சரக்கு. பீரோ நிறைய பாலியெஸ்டர். காப்பி டம்ளரை நீட்டினாள், விரல் பட்டது, சுள். காந்த வட்டு நகர்ந்திருக்கிறதென்று சரிபண்ணப் பழக்கதோஷத்தில் கையைக் கொண்டுவந்தாள். நான் வாசற்படி வரை தாவினேன்.

"தள்ளி நில்லு புள்ள! மெஷின் போயிரும்!"

நின்றாள். மேடம் சொன்னபடி அவள் விரல் ஏற்கெனவே என் கையைத் தொட்டாயிற்று, அதுவே போதும். எனக்குத்தான் துணிச்சல் வரவில்லை. இனி வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டில் அப்படி என்ன கேட்க வேண்டியிருக்கிறது? மிக்ஸிச் சத்தம்.

பிப்ரவரி 11, புதன்

தூண் மட்டும் போதாது என்று துணி துவைக்கிற வாசனைத் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, சலூன்காரர் தலைக்கு அடிக்கிற புட்டியில் ஊற்றிக் கொண்டுபோனேன். புடவை மேல் லேசாக அடித்தால் கரண்ட் சேராதாம். கலாமணியின் தம்பி மகன் போனில் பார்த்துச் சொன்னது. லேசாக என்பது எவ்வளவு என்று சொல்லவில்லை. ஒரு சந்தன நிறப் புடவையில் வட்டம் வட்டமாகக் கறை.

திலீபன் முகர்ந்து பார்த்தான். "என்னங்ண்ணா இது, மல்லியப்பூ வாசம் அடிக்குது?"

ஆறுச்சாமி முந்திக்கொண்டான். "தூண் பக்கத்துல இருந்த சீலைங் தம்பி."

திலீபன் கறையைப் பார்த்தான், தூணைப் பார்த்தான், செருப்பைக் கழற்றினான்.

வீட்டில் கலாமணி அடுப்படியிலிருந்து வந்து எதிரே நின்று ஏதோ சொன்னாள். மெஷின் பெட்டியில் இருந்தது. உதட்டைப் படிக்க எனக்குத் தெரியும். களைப்பாக இருந்ததால் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

வெள்ளிக்கிழமை பூஜையில் கல்லாவுக்குக் காட்டுகிற சாம்பிராணியைத் தூணுக்கும் காட்டினார்கள். மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். வாங்க வந்தவர்களும் தொட்டுக் கும்பிடுகிறார்கள். "இதென்ன சாமிங்?" என்று ஒரு பாட்டியம்மா என்னையே கேட்டார். என்ன சொல்ல? "சுத்துப்பட்டுல சக்தி சாஸ்திங்" என்றேன். நான்கு பூனம் எடுத்தார்.

குங்குமம் பட்ட இடத்தைத் தவிர்த்துக் கொஞ்சம் கீழே தொடுகிறேன். வேலை செய்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

கூட்டம். கால். வேறொன்றும் எழுதத் திராணி இல்லை.

பிப்ரவரி 18, புதன்

தெருமுனையில் கலாமணியைப் பார்த்தேன். நான் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன், அவள் தயிர் வாங்கிக்கொண்டு வந்தாள். மெஷின் காதில் இருந்தது, வீட்டுக்குள் நுழையவில்லை அல்லவா. அவள் சொன்னது காதில் விழுந்துவிட்டது.

"ஏனுங்க. ஒண்ணு கேக்கறேன். கடைக்கு வாறவளுங்க சண்டையெல்லாம் நின்னு கேக்கறீங். என்ற கிட்ட வந்தா மட்டும் பெட்டிக்குள்ள போயிருது?"

"உன்ற சீலைதான் புள்ள காரணம். கரண்டு."

"சீலை யாரு எடுத்துக் குடுத்தது?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் வாசல் வந்துவிட்டது. கழற்ற வேண்டிய இடம்.

பிப்ரவரி 21, சனி

நேற்று எனக்கு விடுமுறை மாற்றிக் கொடுத்தார்கள். இன்று காலை போனால் தூண் ஜொலிக்கிறது. முதலாளி உத்தரவாம். மேலிருந்து கீழ்வரை பொன்னிறத் தகடு சுற்றி, இடுப்பில் ஜரிகைத் துண்டு கட்டி, மாலை போட்டிருந்தார்கள். பித்தளை என்று நினைத்தேன். இரும்பைவிடப் பித்தளை மேல் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

முதல் வியாபாரம் ஒரு டீச்சரம்மா. மயில் கழுத்து நிறத்தில் ஷிஃபான். இடது தோளில் முந்தியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். போய்த் தூணைத் தொட்டேன். வழக்கமாக விரலில் ஒரு சுள் இருக்கும், இன்று இல்லை. சாமிக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். கொஞ்சம் கும்பிட்டும் வைத்தேன். பிறகு வட்டைச் சரிசெய்யக் கையைக் காதுக்குக் கொண்டுபோனேன்.

சத்தம் கேட்டது. அதுதான் கடைசிச் சத்தம்.

அணைத்துப் போட்டேன். பேட்டரி மாற்றினேன். கழிப்பறையில் நின்று நெஞ்சோடு வைத்து ஊதினேன். விளக்கு எரிகிறது, உள்ளே ஒன்றுமில்லை. திரும்பி வந்து தூணை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக். பொன்னிறம் பூசிய பிளாஸ்டிக். ஜரிகைத் துண்டும் எங்கள் பிரிவுச் சரக்கு, சுத்த பாலியெஸ்டர். மரியாதை செய்கிறேன் என்று என் இரும்பை மூட்டை கட்டிவிட்டார்கள். அந்த மரியாதையைக் கற்பித்தவன் நான்.

டீச்சரம்மா விலை கேட்டிருக்கிறார். நான் "நல்லா துவைக்கலாமுங், சாயம் போகாது" என்று சொல்லியிருக்கிறேன். மறுபடி கேட்டிருக்கிறார். மறுபடி சாயம் போகாது என்றிருக்கிறேன். திலீபன் வந்தான். அவன் உதடு அசைந்ததில் எனக்கு ஒரே சொல்தான் தேவைப்பட்டது. பார்சல்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மேடம் வெளியூர் முகாமில் இருக்கிறாராம். வெள்ளிக்கிழமைதான் வருவார். கலாமணி போன் பேசிவிட்டு என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினாள். செவிட்டுக் காலத்துப் பழக்கம். ரொம்ப நாளைக்குப் பிறகு. கையெழுத்து மாறவில்லை.

போர்டு கருகியிருந்தால்?

பிப்ரவரி 23, திங்கள்

பார்சல். பை, பை, பை.

பிப்ரவரி 24, செவ்வாய்

மெஷின் செத்துக் கிடப்பதில் ஒரு வசதி. காப்பாற்ற ஒன்றுமில்லை. கலாமணி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அதே பாலியெஸ்டர்தான். தோள் பட்டது, சுள்ளென்றது. எனக்குத்தான் அடித்தது, மெஷினுக்கு இல்லை. நான் தாவவில்லை.

தொலைக்காட்சியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் பார்த்தால் அழுகையும் கொட்டாவியும் ஒன்றுதான். இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று தெரியவில்லை. தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது. அவள் சிரிப்புச் சத்தத்தைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். தைக்கு முன்னால் இருக்கும்.

அப்புறம் என் கையை எடுத்தாள். உள்ளங்கையில் எழுதினாள். முதல் எழுத்து 'கா'. காப்பியா என்றேன். தலையில் ஒன்று போட்டுவிட்டு முழுசாக எழுதினாள். காட்டன்.

சரி, எழுதிவிடுகிறேன். மேடம் அன்றைக்குக் கடைசியாகச் சொன்னது இதுதான்: "இத்தனை வித்தை எதுக்குங்க? அதே கடையில காட்டன் பிரிவுக்கு மாத்திக் கேளுங்க. பருத்தில இந்தத் தொல்லையே இல்ல." கலாமணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் ஆரம்பித்தது அது. அடுப்படியிலிருந்து வந்து சொன்னது அது. தினமும் ஒரு முறை சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். பெட்டிக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

காட்டன் என்றால் நாலாவது மாடி, கடைசி மூலை. அங்கே முந்தி போட்டுக் காட்டுகிற வழக்கம் இல்லை. மடிப்பை நீட்டினால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் நூலைக் கிள்ளிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, வைத்துவிட்டுப் போவார். இரண்டாம் மாடியில் நான் நின்றால் ஜனம் நிற்கும். வாயால் சொல்ல வெட்கமாக இருந்ததால் இதை அவள் கையில் எழுதிக் காட்ட முயன்றேன். பாதியில் விட்டுவிட்டேன். எழுதிப் பார்த்தால் ரொம்பச் சின்னதாக இருந்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

மேடம் மெஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். திரையைப் பார்த்தார். நான் மேடம் முகத்தைப் பார்த்தேன். கலாமணி சுவரில் இருந்த காதுப் படத்தைப் பார்த்தாள். மேடம் நெற்றியைச் சுருக்கினார். எதையோ தட்டினார், காத்திருந்தார், மறுபடி தட்டினார். என் வாய் காய்ந்துவிட்டது. காய்ந்தால் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

வட்டை மண்டையில் ஒட்டினார். முதலில் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி. அப்புறம் ஒரு நாற்காலி நகர்ந்தது. அப்புறம் கலாமணி மூக்கை உறிஞ்சினாள்.

"கேக்குதுங்களா?"

"கேக்குதுங் மேடம். இவளுக்குச் சளி புடிச்சிருக்குதுங்."

"அழிஞ்சுதான் போயிருந்துச்சு. திரும்ப ஏத்திட்டேன். போர்டு தப்பிச்சது உங்க நல்ல நேரம். அடுத்த தடவை தப்பிக்காது." பிறகு மேடம் என்னை நேராகப் பார்த்தார். "நான் கடைசியா ஒண்ணு சொன்னேனே, அது என்னாச்சு?"

"பரிசீலனைல இருக்குதுங் மேடம்."

இந்த முறை பஸ்ஸில் நான் மெஷினைக் கழற்றவில்லை. ஆனால் கலாமணி பேசவில்லை. பாதி வழி வரை காத்திருந்து பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். கேட்கிற மெஷினோடு பேசாத மனுசி பக்கத்தில் உட்காருவது, செவிடாக உட்காருவதைவிட நீளமான பயணம்.

மார்ச் 2, திங்கள்

திலீபனிடம் போய்க் காட்டனுக்கு மாற்றிக் கேட்டேன்.

அவன் பதறிவிட்டான். "தூணுக்கு ஏதாச்சும் கொறை வெச்சுட்டமுங்ளாண்ணா?"

போதும் என்று முழுக் கதையையும் சொன்னேன். கனவு இல்லை, மஞ்சள் சீலை இல்லை. உடம்பில் சேர்கிற கரண்டை வெறும் இரும்பு எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் சுற்றினதில் என் காதே போகப் பார்த்தது. மாடியே வேலையை விட்டுவிட்டுக் கேட்டது.

ஆறுச்சாமி கிராம்பை ஒதுக்கினான். "பங்காளி. நம்ம ஒடம்புல சேருற கெட்டதைத் தூண் எடுத்துக்குது. மூடி வெச்சா கோவிச்சுக்குது. தப்புப் பண்ணுனவனுக்குக் காது போகுது. நீ கேட்டதும் திரும்பக் குடுத்துருது. அப்படித்தானே சொல்ற?"

"அப்படியில்லடா..."

"அதைத்தானே நாங்க சாமிங்கறோம்."

மதியத்துக்குள் பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட்டார்கள். மொட்டை இரும்புக்குப் பாலபிஷேகம் செய்யலாமா என்று பேச்சு நடக்கிறது. நான் என் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு நாலாவது மாடிக்கு ஏறினேன். படிகளில் கார்ப்பெட் இல்லை.

மார்ச் 4, புதன்

நூலைக் கிள்ளுகிற தலைமையாசிரியை வந்தார். கிள்ளினார். உதட்டைப் பிதுக்கினார். போனார்.

மெஷின் நிற்கவில்லை. நின்றால்கூடத் தெரிந்திருக்காது, அப்படி ஒரு அமைதி.

மார்ச் 6, வெள்ளி

கொட்டாவி. கீழே இருந்து தூண் பூஜை மணிச்சத்தம் கேட்டது. துல்லியமாகக் கேட்டது.

வீட்டிலும் மெஷின் காதிலேயே இருக்கிறது. "சாப்பாடு ஆச்சு." "கேஸ் தீர்ந்துருச்சு." அவ்வளவுதான் வருகிறது. தினமும் ஒன்றையே சொல்லிச் சொல்லி ஓய்ந்தவளுக்கு மறுபடி பேச்சு எங்கிருந்து வரும்? மாறிவிட்டேன் என்று சொன்னபோதுகூட "செரி" என்றாள்.

மார்ச் 10, செவ்வாய்

சாயங்காலம் நாலாவது மாடிக்கு ஒரு கஸ்டமர் ஏறி வந்தார். ஊதா நிறப் பூனம் கட்டியிருந்தார். போன தீபாவளிக்கு நான் வீட்டுக்கு எடுத்துப்போனது.

மெத்தைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஏனுங், காட்டன்ல கொஞ்சம் எடுத்துப் போடுங்" என்றார்.

நானும் சேல்ஸ்மேன்தானே. "எந்த மாதிரிங்க அம்மிணி பாக்கறீங்? கட்டம், கோடு, வெறும் ஒடம்பு?"

"எடுத்துப் போட்டாத்தானுங் தெரியும்."

எடுத்துப் போட்டேன். இந்தப் பச்சை கண்ணைக் குத்துகிறது என்றாள். அந்தக் கட்டம் லுங்கி மாதிரி இருக்கிறது என்றாள். பார்டர் பெரிசு, பார்டர் சிறிசு, இது ஒரு தண்ணிக்குத் தாங்காது, இதைக் கட்டினால் என்ற சின்னமாமியார் மாதிரி இருப்பேன், அவுங்களை உங்களுக்குத் தெரியாதுங், அவுங்க பையன் ஒருத்தரு இருக்கறார், அவருகிட்டப் பேசறதுக்குச் செவுத்துகிட்டப் பேசலாம். செவுராவது பெட்டிக்குள்ள போய் ஒளிஞ்சுக்காது.

எங்களுக்குச் சின்னமாமியார் யாரும் கிடையாது. நான் குனிந்து அடுத்த மடிப்பைப் பிரித்தேன்.

"அந்த மனுசனுக்குக் காது போனப்ப எட்டு வருசம் நாந்தானுங் காது. வந்தப்பறம் எனக்கென்ன வேலைன்னு தெரியலீங். கிட்டப் போனா எட்டிக் குதிக்கறார். ஒருக்கா தலையத் தொட உடல. அதை வெச்சுத்தானுங் எனக்கு மனசு உட்டுப்போச்சு. அந்த அரக்கு பார்டர் எடுங், அதில்ல, அடியில."

அடியிலிருந்து எடுத்தேன். சாம்பல் உடல், அரக்கு பார்டர். எழுந்து நின்றேன். காட்டனில் யாரும் செய்கிற வேலை இல்லை. கொசுவம் பிடித்தேன். அது பாலியெஸ்டர் மாதிரி வழுக்கவில்லை, சொன்ன இடத்தில் நின்றது. முந்தியை இடது தோளில் போட்டேன். காதை உரசிக்கொண்டு இறங்கியது. மெஷின் நிற்கவில்லை. சத்தம் வந்தது, காய்ந்த இலையை ஒருவர் மெதுவாக ஒதுக்குகிற மாதிரி.

பக்கத்துப் பிரிவுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கலாமணி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாருக்குதுங்" என்றாள். எழுந்தாள். "நான் ஒரு சுத்துப் பாத்துட்டு வாறனுங்."

எங்கள் தொழிலில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. இதைச் சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அவளும் வரவில்லை. மலை மாதிரிக் கிடந்ததை எல்லாம் தனியாக மடித்து அடுக்கினேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

வீட்டுக்கு வந்தேன். பச்சைக் கட்டம் போட்ட பருத்திப் புடவையில் நிற்கிறாள். கடையிலிருந்து இறங்கி ஜவுளிச் சந்தையில் எடுத்தாளாம். "உங்க கடைல வெலை சாஸ்திங்" என்றாள். லுங்கி மாதிரிதான் இருந்தது. சொல்லவில்லை.

இரும்பு பீரோவை ஒரு முறை தொட்டாள். என் கையை ஒரு முறை தொட்டாள். பிறகு என் தலையைப் பிடித்துத் திருப்பி, நகர்ந்திருந்த வட்டைச் சரியான இடத்தில் ஒட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

இப்போது பேசிக்கொண்டிருக்கிறாள். தையிலிருந்து சேர்த்துவைத்தது எல்லாம் வருகிறது. எதிர்வீட்டு மோட்டார், தம்பி மகனின் பரீட்சை, மூலைக்கடைக்காரியின் மருமகன் ஓடிப்போனது, ஓடினவன் இரண்டு தெரு தள்ளியே இருப்பது. இதெல்லாம் தெரியாமல் இத்தனை நாள் நான் என்ன வம்பு எழுதிக்கொண்டிருந்தேன்? இது முடிகிற மாதிரித் தெரியவில்லை. எனக்குக் கால் கடுக்கிறது, கண் சொக்குகிறது. பெட்டி மேசைமேல் திறந்து கிடக்கிறது. கிடக்கட்டும்.